கல்லாவில் ஒரு கேள்வி: அயர்லாந்தின் பை வரியும் ஒரு பழக்கம் மாறிய விதமும்

2002 மார்ச் 4-ஆம் தேதி அயர்லாந்தில் கடைக்குப் போனவர்கள், முந்தின நாள் வரை யாரும் தங்களிடம் கேட்டிராத ஒரு கேள்வியைக் கல்லாவில் எதிர்கொண்டார்கள்: "பை வேண்டுமா?" வேண்டும் என்றால் பை ஒன்றுக்கு 15 சென்ட் தர வேண்டும். அதற்கு முன் அந்நாட்டில் ஆண்டுதோறும் 120 கோடிக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் பைகள் விலையின்றிக் கைமாறிக்கொண்டிருந்தன. தலைக்கு 328 பை. அதாவது கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பை. வரி வந்தபின் அந்த எண் தலைக்கு 21 ஆக இறங்கியது. 90 விழுக்காட்டையும் தாண்டிய இந்தச் சரிவுக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வரி நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே அது கண்கூடாகிவிட்டது.

சுற்றுச்சூழலுக்கு இணக்கமான பழக்கங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் விழிப்புணர்விலிருந்துதான் தொடங்குகிறோம். உண்மை தெரிந்தால் மனம் மாறும், மனம் மாறினால் கை மாறும் என்பது அந்தப் பேச்சுக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை. அயர்லாந்தில் நடந்ததை நெருங்கிப் பார்த்தால் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மார்ச் 3-ஆம் தேதி இரவு என்ன அறிவோடும் அக்கறையோடும் அலட்சியத்தோடும் படுக்கப் போனார்களோ, அதே அறிவோடும் அக்கறையோடும் அலட்சியத்தோடும்தான் அம்மக்கள் மறுநாள் காலையில் எழுந்தார்கள். மாறியிருந்தது கல்லாவின் முன் அவர்கள் நிற்கும் சில நொடிகள் மட்டுமே. அந்தச் சில நொடிகளில் எது வேலை செய்தது, எந்த இடத்தில் அதன் வலு தேய்ந்தது, பை விலகிய இடத்தில் வேறு எது வந்து உட்கார்ந்தது என்பவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

வரிக்கு முன்

அயர்லாந்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. சில கிராம் எடையே உள்ள மெல்லிய பை, குப்பைத் தொட்டியிலிருந்தோ வண்டியிலிருந்தோ நழுவிவிட்டால் வேலியிலும் முள்மரத்திலும் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கே கிழிந்து, நார்நாராகத் தொங்கி, மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் படபடத்துக்கொண்டிருக்கும். அப்படித் தொங்கும் பைகளுக்கு 'சூனியக்காரியின் உள்ளாடை' என்று அந்நாட்டு மக்கள் ஒரு கேலிப் பெயரே வைத்திருந்தார்கள். தெருவிலும் சாலையோரத்திலும் கிடந்த குப்பையில் ஏறத்தாழ 5 விழுக்காடு பிளாஸ்டிக் பைகள் என்பது அன்றைய கணக்கு. எண்ணிக்கையில் பார்த்தால் அது பெரும்பங்கு இல்லை. ஆனால் சிகரெட் துண்டு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், பையோ கண் மட்டத்துக்கு மேலே ஆடும்; பழிக்கு ஆளானதற்கு அதுவே காரணம்.

இந்த வரியின் நோக்கம் குப்பையைக் குறைப்பதுதான் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். புவி வெப்பமாதலோ எண்ணெய்ச் செலவோ அதன் முதல் இலக்குகளாக இருக்கவில்லை. பின்னாளில் இந்த வரியைப் புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டுத்தான் பல வாதங்களில் இறங்கினார்கள்.

அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் நோயல் டெம்ப்சி. அவருடைய துறைக்காக 1990-களின் இறுதியில் நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு பைக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று மக்களிடம் கேட்டபோது, சராசரி விடை இன்றைய கணக்கில் 2.4 சென்ட் அளவில்தான் இருந்தது. அரசு வைத்த வரி அதைப்போல் 6 மடங்குக்கும் மேல். பொருளியல் பாடநூலின்படி, ஒரு பொருள் பிறருக்கு விளைவிக்கும் சேதத்தைப் பணமாகக் கணக்கிட்டு, அந்த அளவுக்கே வரி வைக்க வேண்டும். இங்கே அப்படி எந்தக் கணக்கும் போடப்படவில்லை. ஒரு பை வேலியில் தொங்குவதால் ஏற்படும் சேதம் இத்தனை சென்ட் என்று யாரும் அளக்கவில்லை. மக்கள் சாதாரணமாகத் தரத் துணியாத ஒரு தொகையைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். இது பொருளியல் நேர்த்திக்கு ஒவ்வாத முடிவாக இருக்கலாம். ஆனால் இந்த வரி பலித்ததற்கு இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை என்பது என் எண்ணம். மக்கள் ஏற்றுக்கொண்ட அந்த 2.4 சென்டையே வைத்திருந்தால், அவர்கள் அதைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அரசுக்குச் சிறு வருமானமும் வேலிக்கு அதே பையும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது முடிவு, வரியை யார் தலையில் வைப்பது என்பது. பைகளைத் தயாரிப்பவர்களிடமோ இறக்குமதி செய்பவர்களிடமோ வாங்குவது நிர்வாகத்துக்கு எளிது. சில நிறுவனங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அப்படி வாங்கினால் அந்தத் தொகை கடையின் பொதுச் செலவில் கலந்து, ரொட்டியின் விலையிலும் சோப்பின் விலையிலும் யார் கண்ணுக்கும் படாமல் கரைந்துவிடும். ஆகவே வரி கடைக்காரர் வழியாக வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்பட வேண்டும், கடைக்காரர் அதைத் தாமே ஏற்றுக்கொண்டு பையை இலவசமாகத் தரக் கூடாது, ரசீதில் அது தனி இனமாக அச்சிடப்பட வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. நாடு யூரோவுக்கு மாறி வெறும் 2 மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. பழைய ஐரிஷ் பவுண்டு பிப்ரவரி 9-ஆம் தேதியோடுதான் செல்லாததாகியிருந்தது. புது நாணயங்களைப் புரட்டிப் பார்த்து எண்ணிக் கொடுக்கும் கைகளிடம் 15 சென்ட் என்பது கொஞ்சம் அதிகக் கவனத்தைப் பெற்றிருந்தால் வியப்பதற்கில்லை.

கல்லாவின் முன் சில நொடிகள்

இலவசப் பை காலத்துக் கல்லாவை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். பொருள்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. காசாளரின் ஒரு கை விலையைப் பதிக்கிறது, மறு கை பக்கத்தில் மாட்டியிருக்கும் அடுக்கிலிருந்து ஒரு பையை இழுத்து, உதறி, வாயைத் திறந்து, பொருள்களை உள்ளே இறக்குகிறது. கனமாகத் தோன்றினால் பைக்குள் இன்னொரு பை. வாடிக்கையாளர் அந்நேரம் பணப்பையைத் துழாவிக்கொண்டிருப்பார், அல்லது குழந்தையை அதட்டிக்கொண்டிருப்பார். பை எடுப்பது என்று ஒரு முடிவை அங்கே யாருமே எடுக்கவில்லை. எடுக்கப்படாத முடிவை அறிவுரையால் எப்படி மாற்றுவது? 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்ற சுவரொட்டியை அதே கடையின் வாசலில் படித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தவரும் 5 பைகளோடுதான் வெளியே போவார். அவர் போலி ஆசாமி என்பதால் அப்படி நடக்கவில்லை, அந்தச் சுவரொட்டி பேசிய இடமும் பை கைமாறிய இடமும் வேறுவேறு என்பதால் நடந்தது.

உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பங்கேற்றவர்கள் மணிக்கொரு முறை தாங்கள் அப்போது செய்துகொண்டிருப்பதையும் நினைத்துக்கொண்டிருப்பதையும் குறித்து வைத்தார்கள். அன்றாடச் செயல்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு, ஏறக்குறைய நாள்தோறும் அதே சூழலில் திரும்பச் செய்யப்படுபவை; அவற்றைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருந்தது. பழக்கம் என்பதே அதுதான்: இடமும் நேரமும் கையைத் தொட்டவுடன் கை தானே நகர்வது. அயர்லாந்தின் வரி அந்த நகர்வின் நடுவில் ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது. கேள்வி வந்ததும் மனம் திரும்பி வர வேண்டியதாயிற்று. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வாய் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. அதுவும் பின்னால் வரிசையில் நிற்பவர் காதில் விழும்படி.

அப்படியானால் வேலை செய்தது காசா, கேள்வியா? 40 யூரோவுக்குப் பொருள் வாங்குகிறவருக்கு 15 சென்ட் ஒரு பொருட்டே அல்ல. இந்தப் புதிருக்கு ஓரளவு விடை தருவது, அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் டேட்டியானா ஹோமனாஃப் நடத்திய ஆய்வு. அங்கே சில கடைகள், சொந்தப் பை கொண்டு வருபவர்களுக்கு 5 சென்ட் தள்ளுபடி தந்துவந்தன. 2012-இல் மான்ட்கோமரி கவுண்டியில் கடைப் பைக்கு 5 சென்ட் வரி வந்தது. தொகை இரண்டிலும் ஒன்றே. தள்ளுபடியால் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. வரியோ, கடைப் பை வாங்குவோரின் பங்கை 82 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காட்டுக்கு இறக்கியது. கிடைக்கும் 5 சென்டைவிட இழக்கும் 5 சென்ட் மனிதனுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் இன்னொரு வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: தள்ளுபடி, பை கொண்டுவர மறந்தவரை ஒன்றுமே கேட்காமல் பழையபடி போக விட்டுவிடுகிறது, வரி அவரை நிறுத்திக் கேட்கிறது. ஏற்கெனவே பழகியவரைப் பாராட்டுவது ஒரு வேலை, பழகாதவரின் கையைத் தடுப்பது இன்னொரு வேலை.

கல்லாவில் கேள்வி எழுந்தாலும், விடை இருக்கும் இடம் கல்லா அல்ல. பை வீட்டில் இருக்கிறது. பை வரி வந்த எந்த ஊரிலும் முதல் வாரங்களின் அனுபவம் இதுதான்: கல்லாவுக்கு வந்த பிறகுதான் பை நினைவுக்கு வரும். பாலையும் முட்டையையும் இரு கைகளிலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாடையால் ரொட்டியை அழுத்திப் பிடித்தபடி வண்டி வரை நடந்தவர் அடுத்த முறை வீட்டு வாசலிலேயே பையைத் தேடுவார். இன்னும் சில முறைகளில் பை அலமாரியிலிருந்து கதவுக் கொக்கிக்கு இடம்பெயரும். பொருள்களை வீட்டில் இறக்கியதும் காலிப் பையை மடித்து உடனே வண்டியில் போடும் பழக்கம் வரும். இந்தக் கடைசி அசைவுதான் சூட்சுமம். பையை எடுத்துப் போக நினைவு வேண்டும். திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டால் நினைவே வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் பிறரும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் முடிந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை என்பது அந்த ஆய்வின் ஆறுதலான பகுதி. பையை மறந்த ஒரு நாளுக்காகப் 'நமக்கு இதெல்லாம் வராது' என்று கைவிடுபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எதிர்ப்பும் வசூலும்

எதிர்ப்பு எதிர்பார்த்த திசைகளிலிருந்துதான் வந்தது. இறைச்சிக் கடைக்காரர்கள் சுகாதாரத்தைச் சொன்னார்கள். பச்சை இறைச்சி, மீன், உறையிடப்படாத காய்கறி, பழம் ஆகியவற்றுக்கான குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட சிறு பைகளுக்கு விலக்கு கிடைத்தது. வரிப் பணத்தைத் தாங்கள் சுருட்டுவதாக வாடிக்கையாளர் நினைப்பார்களோ என்று கடைக்காரர்கள் தயங்கினார்கள். பணம் செலுத்தாத பொருள்கள் சொந்தப் பைக்குள் நழுவுமோ என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. வசூலுக்குப் புதிய அலுவலகம் எதையும் திறக்கவில்லை. மதிப்புக் கூட்டு வரியைச் செலுத்தும் அதே கடைகள், அதே வருவாய்த் துறைக்கு, 3 மாதத்துக்கொரு முறை இதையும் கணக்குக் காட்டிச் செலுத்தின. வசூல் செலவு வருமானத்தில் 3 விழுக்காட்டளவில் அடங்கிவிட்டது. பணம், கழிவு மேலாண்மைக்கென ஒதுக்கிய தனிச் சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது; பொதுக் கருவூலத்தில் கலந்திருந்தால் இத்தனை மனநிறைவோடு மக்கள் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே.

அவர்கள் மனநிறைவோடுதான் கொடுத்தார்கள், அல்லது கொடுக்காமல் தவிர்த்தார்கள். ஓராண்டுக்குள் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில் மிகப் பெரும்பான்மையோர் வரியை நல்ல ஏற்பாடு என்றார்கள். குப்பையில் பைகளின் பங்கு 2003-இல் 0.25 விழுக்காடாகிவிட்டதால், பலன் வேலியோரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. ஃபிராங்க் கான்வெரி முதலிய பொருளியலாளர்கள் 2007-இல் இந்த நிகழ்வை எழுதியபோது, ஐரோப்பாவிலேயே மக்கள் மிகவும் விரும்பும் வரி இதுதானோ என்று கேட்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. வரியை விலக்குவது அரசியலுக்கு ஆபத்து என்று ஒரு வரியைப் பற்றிச் சொல்ல நேர்வது அரிது.

இதில் கவனிக்க வேண்டியது கால வரிசை. முதலில் கை மாறியது. அதன் பின் கருத்து மாறியது. பையோடு கடைக்குப் போகத் தொடங்கியவர், தான் பையோடு கடைக்குப் போகிறவர் என்று தன்னைப் பற்றி நினைக்கத் தொடங்குகிறார். நினைத்த பின் அதற்கான நியாயங்கள் அவருக்குத் தாமே கிடைக்கின்றன. வேல்ஸ் 2011 அக்டோபரில் 5 பென்ஸ் கட்டணம் கொண்டுவந்தபோது, ஆய்வாளர்கள் அங்கேயும் இதையே கண்டார்கள்: கட்டணத்துக்குப் பின் சொந்தப் பைப் பழக்கத்தோடு கட்டணத்துக்கான ஆதரவும் கூடியது.

தேய்மானம்

சரிவு அப்படியே நிற்கவில்லை. தலைக்கு 21 என்ற எண் மெல்ல ஏறி, 2006 வாக்கில் 30-ஐத் தொட்டது. வருமானம் கூடியது, விலைவாசி ஏறியது, 15 சென்டோ அசையாமல் நின்றது. அதோடு, முதலில் தடுக்கி விழச் செய்த கல்லே நாளடைவில் படிக்கல்லாகப் பழகிவிடும். "பை வேண்டுமா?" என்ற கேள்விக்கு யோசிக்காமல் "ஒன்று கொடுங்கள்" என்று சொல்வதும் ஒரு பழக்கமாக முடியும். 2007 ஜூலை 1-ஆம் தேதி வரி 22 சென்ட் ஆனது. எண்ணிக்கை மறுபடி இறங்கி, 2012-இல் தலைக்கு 14 அளவில் நின்றது. ஒரு தடையை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் 2006-ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தடைக்கும் அவ்வப்போது சாணை பிடிக்க வேண்டியிருக்கிறது.

பை விலகிய இடத்தில்

இந்த நிகழ்வில் மிகவும் சிக்கலான பகுதி இது. இலவசப் பை வீட்டுக்கு வந்தபின் சும்மா கிடப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது குப்பைத் தொட்டிக்குள் விரிக்கும் பையாக இன்னொரு முறை உழைக்கிறது. அது வராமல் நின்றால், அந்த வேலைக்கு வேறொரு பையைக் காசு கொடுத்து வாங்குவார்கள். கலிஃபோர்னியாவின் உள்ளூர்த் தடைகளை ஆராய்ந்த ரெபெக்கா டெய்லர் 2019-இல் இதற்கு எண் கொடுத்தார்: கடைப் பைகளில் 4 கோடி பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் மிச்சமானது, குப்பைப் பைகளின் விற்பனையால் 1 கோடியே 20 லட்சம் பவுண்டு திரும்ப ஏறியது. சிறிய அளவுக் குப்பைப் பைகளின் விற்பனை மட்டும் 120 விழுக்காடு உயர்ந்திருந்தது. மிச்சத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு பின்வாசல் வழியே வெளியேறிவிட்டது. மீதி 70 விழுக்காடு மிச்சம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை; இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

அடுத்தது தடித்த பை. அதே கலிஃபோர்னியாவில் 2016-இல் மாநிலம் முழுவதும் மெல்லிய பைகள் தடைசெய்யப்பட்டபோது, தடித்த பிளாஸ்டிக் பையைப் 'பலமுறை பயன்படுவது' என்று வகைப்படுத்தி 10 சென்டுக்கு விற்க அனுமதி இருந்தது. மக்கள் அதையும் ஒரு முறை பயன்படுத்தி எறிந்தார்கள். அதிகப் பிளாஸ்டிக் உள்ள பையை மெல்லிய பை போலவே எறிந்தால் விளைவு முன்னைவிட மோசம். அந்த ஓட்டையை அடைக்க 2024-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அயர்லாந்து இதைத் தொடக்கத்திலேயே ஊகித்திருந்தது போலும்: பலமுறை பயன்படும் பை என்று சொல்லி வரியிலிருந்து தப்ப வேண்டுமானால், அந்தப் பை குறைந்தது 70 சென்டுக்கு விற்கப்பட வேண்டும் என்று விதியில் இருந்தது. 70 சென்ட் கொடுத்து வாங்கிய பையை வாசலில் விட்டெறிய மனம் கொஞ்சம் யோசிக்கும்.

மூன்றாவது துணிப்பை. அதைப் பற்றி இரு அரசு ஆய்வுகள் அடிக்கடி சுட்டப்படுகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறுபயன்பாடே இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமன்பட, காகிதப் பையை 3 முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் எல்லா வகைப் பாதிப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, பருத்திப் பைக்கு 7,100 முறை என்றும் இயற்கை வேளாண் பருத்திப் பைக்கு 20,000 முறை என்றும் வந்தது. வாரம் ஒரு முறை கடைக்குப் போனால் 20,000 முறை என்பது 380 ஆண்டுகளுக்கு மேல். இந்த எண் செய்திகளில் சக்கைப்போடு போட்டது. துணிப்பைக்காரர்களை மட்டம் தட்ட இதைவிட நல்ல எண் கிடைக்காது.

ஆனால் அந்த எண், பல குறியீடுகளில் மிக மோசமாக வந்த ஒன்றை மட்டும், அதாவது ஓசோன் படலச் சிதைவை மட்டும், வைத்துப் பெறப்பட்டது. புவி வெப்பமாதலை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே டென்மார்க் ஆய்வில் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை, இயற்கை வேளாண் பருத்திக்கு 149 முறை. வாரம் ஒரு முறை என்றால் முறையே ஓராண்டும், மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவும். அதைவிட முக்கியமாக, பை வேலியில் தொங்குவதையும் கடலில் மிதப்பதையும் அந்த ஆய்வு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அயர்லாந்து கேட்ட கேள்வி வேலியைப் பற்றியது. டென்மார்க் விடை தந்தது ஆலையையும் பருத்தி வயலையும் பற்றி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது சரி என்று மோதுவது வீண் வேலை. இரண்டும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பை எதுவோ, அதைக் கிழியும் வரை பயன்படுத்துவது. விழாக்களிலும் கருத்தரங்குகளிலும் சுற்றுச்சூழல் வாசகம் அச்சிட்டு இலவசமாகத் தரும் பருத்திப் பைகள் கதவுக்குப் பின்னால் 20, 30 என்று சேர்ந்து கிடக்கும் வீட்டில், இலவசப் பிளாஸ்டிக் பையின் அதே வியாதிதான் உயர்ந்த துணியில் தொடர்கிறது. விலையில்லாமல், கேட்காமல், வேண்டாமலே வருவதுதான் அந்த வியாதி.

ஒரு பழக்கத்தின் எல்லை

பையோடு பழகியவர் பிறவற்றிலும் மாறுவாரா? ஒரு நல்ல பழக்கம் இன்னொன்றை இழுத்துவரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மெலிது. வேல்ஸ் ஆய்வில் பிற பழக்கங்களுக்குப் பெரிய பரவல் எதுவும் தென்படவில்லை. உமா கர்மார்க்கரும் பிரையன் போலிங்கரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் வேடிக்கையானது: சொந்தப் பை கொண்டுவந்த நாளில் வாடிக்கையாளர்கள் இயற்கை வேளாண் பொருள்களையும் கூடுதலாக வாங்கினார்கள், இனிப்பு நொறுக்குத் தீனிகளையும் கூடுதலாக வாங்கினார்கள். நல்லது செய்த மனம் தனக்குத் தானே ஒரு பரிசு கொடுத்துக்கொள்கிறது. பரிசு ஒரு சாக்லேட்டோடு நின்றால் போகட்டும். துணிப்பை தூக்கிய புண்ணியத்தில் விமானப் பயணத்தைக் கணக்கில் எழுதாமல் விடுகிறவர்களும் உண்டு. செத் வைன்ஸும் கிம்பர்லி நிக்கலஸும் 2017-இல் தனிமனிதச் செயல்களை எடைபோட்டபோது, கரிம உமிழ்வில் பெரிய மாற்றம் தருபவையாகக் கண்டவற்றில் கார் இல்லாமல் வாழ்வது, விமானப் பயணத்தைத் தவிர்ப்பது, தாவர உணவுக்கு மாறுவது ஆகியவை இருந்தன. பை அந்த வரிசைக்கு அருகில்கூட வராது.

அதற்காகப் பை நிகழ்வு அற்பமாகிவிடாது. அது தரும் பாடம் பையின் எடையில் இல்லை, மாற்றம் நடந்த முறையில் இருக்கிறது. ஆனால் அந்த முறை எல்லாப் பழக்கத்துக்கும் பொருந்துமா என்று பார்க்க, அதே அயர்லாந்திலேயே இன்னொரு பொருள் இருக்கிறது: காபிக் குவளை. பையில் பலித்த வரியைக் குவளைக்கும் நீட்டலாம் என்று பல ஆண்டுகளாகப் பேசி, 2022-இல் அதற்குச் சட்டத்தில் இடமும் செய்தார்கள். ஆனால் குவளை பையைப் போல மடங்காது. குடித்தபின் அடியில் ஈரம் தங்கும், கைப்பைக்குள் போட்டால் கசியும், கழுவ ஓரிடம் வேண்டும். கடைக்குப் போவது முன்கூட்டியே தெரியும். காபி குடிக்கத் தோன்றுவது பாதி நேரம் வழியில்தான். கல்லாவில் கேள்வி கேட்டால் போதும் என்பது, விடை வீட்டுக் கதவுக் கொக்கியில் தொங்கும் பொருளுக்குத்தான் பொருந்துகிறது. விடை கைவசம் இல்லாதபோது கேட்கப்படும் கேள்வி வெறும் அபராதமாகிவிடும்.

பானப் புட்டிகளுக்கும் டின்களுக்கும் நாடு வேறு வழியைப் பிடித்தது. 2024 பிப்ரவரி 1 முதல் அரை லிட்டர் வரையிலான கலன்களுக்கு 15 சென்ட், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 25 சென்ட் முன்பணம். காலிக் கலனைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். இங்கே தடை வாங்கும் இடத்தில் இல்லை, எறியும் இடத்தில் இருக்கிறது.

குவளைக்கான வழியைத் தேசிய வரிக்குக் காத்திராமல் தென்மேற்கில் உள்ள கில்லார்னி ஊர் தேடிக்கொண்டது. 2023 ஜூலை இறுதியில் அவ்வூர்க் காபிக் கடைகளும் ஓட்டல்களும் சேர்ந்து, ஒருமுறைக் குவளையில் ஊற்றித் தருவதை நிறுத்தின. ஒரு கடை மட்டும் நிறுத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பல கடைகள் சேர்ந்து நிறுத்தியதால் அந்த அச்சம் இல்லை. சொந்தக் குவளை இருந்தால் அதில் ஊற்றித் தருவார்கள். இல்லாதவர் 2 யூரோ முன்பணம் கட்டி, திரும்பத் தரக்கூடிய குவளை ஒன்றை வாங்கிக்கொண்டு, ஏரிப் பக்கம் நடந்தபடியே குடித்துவிட்டு, திட்டத்தில் சேர்ந்துள்ள வேறெந்தக் கடையிலும் அதைக் கழுவக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். மறப்பவருக்கும் அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.